மூடாக்கு போட்டும் களை முளைக்கிறதா? வீட்டுத் தோட்டத்துக்கு முதல் படியிலிருந்து வழிகாட்டி

"தம்பி, மூடாக்கு போட்டா களையே வராதுன்னியே, இங்க வந்து பாரு."

பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டுக் காட்டினார். கத்தரிப் பாத்தியில் வைக்கோலுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு நெல் நாற்று பச்சைப்பசேலென்று நின்றது. நடுநடுவே கோரை. கத்தரிச் செடியைத் தேட வேண்டியிருந்தது. வைக்கோலை உதறாமல் போட்டதால் நெல் வந்தது. கிழங்கை எடுக்காமல் மூடியதால் கோரை வந்தது. வைக்கோல் கொடுத்தவன் நான்தான், உதறச் சொல்ல மறந்தவனும் நான்தான்.

மூடாக்கு என்பது செடியைச் சுற்றி மண்ணை மூடிப் பரப்பும் சருகு, வைக்கோல் போன்றவை. அது களையைக் கொல்லாது. மண்ணில் கிடக்கும் விதைக்கு வெளிச்சம் போகாமல் மறைக்கும், அவ்வளவுதான். பெரும்பாலான களைகளின் விதை கடுகைவிடச் சிறியது. அதில் பல முளைக்கவே வெளிச்சம் வேண்டும். இருட்டில் முளைத்தாலும் நான்கு அங்குலச் சருகைத் துளைத்து மேலே வரும் அளவுக்கு அதனிடம் சேமிப்பு இருக்காது. ஆனால் கிழங்கிலிருந்தோ வேர்த்துண்டிலிருந்தோ கிளம்பும் களைக்கு இந்தக் கஷ்டம் எதுவும் கிடையாது. அதனால்தான் இந்த வேலையில் முக்கால் பங்கு மூடாக்கைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்கிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஏழாவது படியை முதலில் செய்வதால்தான்.

நான் எழுதுவது ஒட்டன்சத்திரம் பக்கம் மூன்று சென்ட் செம்மண் தோட்டத்தை வைத்து. கரிசல் மண்ணில் எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. உங்கள் தோட்டத்தில் இருப்பது எந்தக் களை?

ஒரு மழைக்கோ இரண்டு தண்ணீருக்கோ பிறகு தோட்டத்தில் உட்கார்ந்து களையைப் பிடுங்கிப் பாருங்கள். இலையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், வேரைப் பாருங்கள். மூடாக்குக்கு அடங்குமா அடங்காதா என்பது வேரில்தான் தெரியும்.

சாரணை, குப்பைமேனி, கீழாநெல்லி, தும்பை, அம்மான் பச்சரிசி, பார்த்தீனியம் எல்லாம் விதையில் வருபவை. இவை மூடாக்குக்கு நன்றாகவே அடங்கும். பார்த்தீனியத்தை மட்டும் பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு எடுங்கள். சிலருக்கு அது பட்ட இடமெல்லாம் அரித்துத் தடித்துவிடும். கழுத்தோடு ஒடித்தால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

கோரையைப் பிடுங்கினால் நூல் போன்ற தண்டு மட்டும் கையில் வரும். கிழங்கு கீழேயே நிற்கும். அருகம்புல்லுக்குக் கணு ஒவ்வொன்றும் ஒரு செடி. இந்த இரண்டும் இருந்தால் 4ஆம் படியைச் செய்யாமல் தாண்டிப் போகாதீர்கள். மூக்கிரட்டைக்கு ஆழத்தில் முள்ளங்கி போல ஆணிவேர் இருக்கும். அதைக் கடப்பாரை போட்டு ஒவ்வொன்றாக எடுப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கானாவாழையும் பருப்புக்கீரையும் வேறு ரகம். பிடுங்கி அங்கேயே போட்டால் ஈரத்தில் மறுபடி வேர் விட்டு எழுந்துகொள்ளும். "பிடுங்கின களையே மூடாக்கு" என்ற யோசனை இந்த இரண்டுக்கும் பொருந்தாது. பருப்புக்கீரையைப் பிடுங்கிப் பருப்போடு கடைந்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

2. பொருளை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்

வேலையைப் பாதியில் நிறுத்த வைப்பது பொருள் பற்றாக்குறைதான். பாதிப் பாத்திக்கு நான்கு அங்குலமும் மீதிக்கு ஒரு அங்குலமும் போட்டால், மெல்லிய பக்கத்தில் முளைத்த களை விதை கொட்டி மொத்தப் பாத்தியையும் கெடுத்துவிடும்.

கணக்கு எளிது. 10 அடி நீளம், 4 அடி அகலப் பாத்தி என்றால் 40 சதுர அடி. நான்கு அங்குலக் கனத்துக்கு 13 கன அடிக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். காய்ந்த சருகு அமுங்கிப் பாதியாகும் என்பதால் எனக்கு ஒரு பாத்திக்கு ஏழெட்டுச் சாக்கு பிடிக்கிறது. ஒரு சென்ட் முழுவதும் என்றால் 435 சதுர அடி, இதைப் போலப் பதினொரு மடங்கு. சிறியதாகத் தொடங்குங்கள். ஒரு பாத்தியை ஒழுங்காக மூடுவது, தோட்டம் முழுக்கத் தூவிவிடுவதைவிட மேல்.

எங்கள் பக்கம் வேம்பு, அரசு, நாட்டு வாதாமை எல்லாம் மாசி, பங்குனியில் இலை கொட்டும். தெருக்கூட்டுபவர்கள் அதைக் குவித்துத் தீ வைப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் மூட்டையாகவே கிடைக்கும். சாக்கில் கட்டி நிழலில் வைத்தால் சித்திரைக்கும் ஐப்பசிக்கும் உதவும்.

எந்தப் பொருளை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன்.

வைக்கோல் எளிதில் கிடைக்கும். ஆனால் அறுவடை இயந்திரம் விட்டுச் செல்லும் வைக்கோலில் நெல் நிறையத் தங்கியிருக்கும். முதலில் தார்ப்பாயில் போட்டு உதறுங்கள். பிறகு ஓர் ஓரத்தில் பரப்பித் தண்ணீர் தெளித்து ஒரு வாரம் பத்து நாள் விடுங்கள். முளைக்க வேண்டியது அங்கேயே முளைத்துவிடும். புரட்டிப் போட்டுக் காயவிட்டால் நாற்று செத்துப்போகும். அதன் பிறகே பாத்திக்கு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

காய்ந்த இலைச் சருகு எனக்கு முதல் தேர்வு. கலவையாக இருந்தால் நல்லது. மாவிலை மட்டும் போட்டால் தட்டுத் தட்டாக ஒட்டிக்கொண்டு, தூறல் தண்ணீரை உள்ளே விடாது. காலால் மிதித்து நொறுக்கிப் போடுங்கள். சீமைக்கருவேல் அடியில் கூட்டிய சருகு வேண்டாம். முள்ளும் விதையும் சேர்ந்தே வரும். யூக்கலிப்டஸ் இலை களையை மட்டுமல்ல, நீங்கள் போடும் விதையையும் முளைக்க விடாது. அதை நடைபாதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தென்னை ஓலையை ஒரு அடி, ஒன்றரை அடி துண்டாக வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாகப் போடலாம். மெதுவாகத்தான் மக்கும், காற்றுக்குப் பறக்காது. தேங்காய் மட்டை தென்னை, மா, எலுமிச்சை வட்டப்பாத்திக்கு ஏற்றது. தென்னைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்கு 100 மட்டைகளைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்குவது. நிமிர்த்தி வைத்தால் ஒவ்வொரு மட்டையும் மழைத்தண்ணீர் பிடித்துக் கொசுவை வளர்க்கும்.

நிலக்கடலைத் தோல், கரும்புச் சோகை இரண்டும் நல்லவை. உமி காற்றுக்குப் பறக்கும். தேங்காய் நார்க்கழிவு மழைக்கு மிதந்து ஓடும். இவற்றை அடியில் போட்டு மேலே ஓலையோ சருகோ வையுங்கள். வெட்டிய பச்சைப் புல்லை ஒரே நாளில் கனமாகக் கொட்டினால் சூடேறி, அழுகி, நாறும். ஒரு நாள் வாடவிட்டு ஒரு அங்குலம், அது காய்ந்த பிறகு இன்னொரு அங்குலம் என்று போடுங்கள். விதை பிடித்த புல்லும் பூத்த பார்த்தீனியமும் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே வரக்கூடாது.

களைக்கொல்லி அடித்த வரப்பிலிருந்தோ ரோட்டோரத்திலிருந்தோ வெட்டிய புல்லா என்று கேட்டு வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு தொட்டியில் அந்தப் புல்லை மண்ணோடு கலந்து நாலு தட்டைப்பயறு விதை ஊன்றுங்கள். இலை சுருண்டு திருகி வந்தால் அந்தப் பொருள் தோட்டத்துக்கு வேண்டாம்.

இவை தவிர அட்டைப்பெட்டி, களைக்கொத்து, மண்வெட்டி, கையுறை, பூவாளி. சருகுக்குள் கையை விடும் வேலை இது. தேளும் பூரானும் அங்கேதான் குடியிருக்கும். கையுறை இல்லாமல் தொடங்காதீர்கள்.

3. களையை முளைக்கவிட்டு எடுங்கள்

பாத்தியைக் கொத்தி, மட்டப்படுத்தி, நன்றாகத் தண்ணீர் விட்டு அப்படியே பத்துப் பன்னிரண்டு நாள் விடுங்கள். எதையும் நடாதீர்கள். கொத்தும்போது மேலே வந்த விதைகள் வெளிச்சம் கண்டு முளைத்து, பாத்தி பச்சைப் பாய் விரித்தது போல ஆகிவிடும். "வேண்டுமென்றே களை வளர்க்கிறாயே" என்று வீட்டில் திட்டுவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இலைப் பருவத்தில், வெயில் ஏறிய நேரத்தில், களைக்கொத்தால் மண்ணின் மேல்தோலை மட்டும் சுரண்டுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் தூங்கும் அடுத்த கூட்டத்தை மேலே அழைத்து வருவீர்கள். நேரம் இருந்தால் இன்னொரு முறை தண்ணீர் விட்டு இதையே செய்யுங்கள்.

இந்தப் படியை எல்லாரும் தாண்டிப் போகிறார்கள், நாற்று வாங்கிய அன்றே நட வேண்டும் என்ற அவசரம். நாற்று வாங்குவதற்கு மூன்று வாரம் முன்பே தண்ணீர் விட்டுவிட்டால் அவசரம் வராது.

4. கோரைக்கும் அருகுக்கும் தனி வைத்தியம்

ஒரு முறை பாத்தியில் அட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் வெளிறிய மஞ்சள் நிறத்தில், ஊசி போலச் சுருண்ட கோரைக் குருத்துகள். சில, அட்டை ஈரத்தில் இளகிய இடத்தைக் குத்திப் பாதி வழி வந்திருந்தன. இரண்டு, மூன்று குருத்து வெளியே வந்து பச்சை பிடித்தேவிட்டது. நெகிழித் தாளையே துளைக்கும் களை அது. சருகு எம்மாத்திரம்!

கோரைக் கிழங்கு ஒன்றோடொன்று நூலில் கோத்த மணி போல மண்ணுக்கடியில் இருக்கும். மேலே இழுத்தால் நூல் அறுந்து, அதுவரை தூங்கிக்கொண்டிருந்த அடுத்த கிழங்கு கிளம்பும். அதனால் கோரை அடர்த்தியாக இருக்கும் பாத்திக்கு இந்த ஆண்டே மூடாக்கு போட நினைக்காதீர்கள். சித்திரையில், தண்ணீர் விடாமல், ஒரு அடி ஆழத்துக்கு மண்ணைப் புரட்டிக் கட்டி கட்டியாகப் போடுங்கள். கிழங்கு மேலே வந்து வெயிலில் காய வேண்டும். நனைந்தால் தப்பித்துவிடும், காய்ந்தால் செத்துவிடும். கோடை உழவு சொல்லும் கணக்கு இதுதான். பத்து நாள் கழித்து இன்னொரு முறை புரட்டி, கைக்கு அகப்படும் கிழங்கைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். எருக்குழியில் போடாதீர்கள், அங்கே அது விருந்தாளி போல வளரும்.

கோரைக்கு நிழல் ஆகாது. கோடை மழைக்குப் பிறகு அதே பாத்தியில் தட்டைப்பயறையோ சணப்பையையோ நெருக்கமாக விதைத்து மூடிவிட்டால் மிச்சம் இருப்பது மெலிந்துபோகும். அதற்கும் மேல் வரும் குருத்தை வாரம் ஒரு முறை விடாமல் அறுங்கள். முளைத்து ஒரு மாதம் விட்டுவிட்டால் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும். கிழங்குக்கு வரவு இல்லாமல் செலவு மட்டும் வைப்பதுதான் வழி. ஒரே பருவத்தில் ஒழியாது. என் தோட்டத்தில் ஒரு மூலை மூன்றாம் வருஷமும் கோரையோடுதான் இருக்கிறது.

அருகு கொஞ்சம் இரக்கம் உள்ளது. கொடி ஓடும் திசையில் மண்ணைத் தளர்த்தி, அறுக்காமல் நீளமாக உருவி எடுக்க வேண்டும். மண்வெட்டியால் கொத்தித் துண்டு போட்டால் ஒரு செடி இருபது செடியாகும். உருவியதைச் சிமெண்டுத் தரையில் போட்டுச் சுக்காகக் காயவிடுங்கள். பிள்ளையாருக்கு வைத்தது போக மீதியை எருக்குழிக்கு அனுப்பலாம், காய்ந்த பிறகு மட்டும்.

5. மூடுவதற்கு முன் மண்ணில் முடிக்க வேண்டியவை

மூடிய பிறகு மண்ணைத் தொடுவது கஷ்டம். ஆகவே அடியில் போக வேண்டியது எல்லாம் இப்போதே போக வேண்டும்.

முதலில் உரம். நன்றாக மக்கிய எருவைப் பரப்பி மேல்மண்ணோடு கலந்துவிடுங்கள். மூடாக்குக்கு மேல் எருவைக் கொட்டுவது பலர் செய்யும் தவறு. எருவில் புல் விதை இருக்கும், மாடு தின்றது அப்படியே வெளியே வருகிறது. மேலே கொட்டினால் சருகே நாற்றங்கால் ஆகிவிடும்.

அடுத்து சொட்டுநீர்க் குழாய். மூடாக்குக்கு அடியில் ஓட வேண்டும். ஓடவிட்டு ஒவ்வொரு துளையும் சொட்டுகிறதா என்று பார்த்த பிறகு மூடுங்கள். அடைத்துக்கொண்ட துளையை இரண்டு மாதம் கழித்துக் கண்டுபிடிப்பது வாடிய செடியை வைத்துத்தான்.

பிறகு நடவு. கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றை முதலில் நட்டு, வேர் பிடித்து நிமிர்ந்த பிறகு சுற்றிலும் மூடுவது எளிது. வெண்டை, அவரை, பூசணி போன்ற பெரிய விதைகளை ஊன்றி, செடி நாலைந்து அங்குலம் வந்த பிறகு மூடுங்கள். சிறுகீரை, அரைக்கீரை, கொத்தமல்லி, கேரட் பாத்திக்கு மூடாக்கு தோதுப்படாது. களைக்கு வழி மறிக்கும் அதே சருகு கீரைக்கும் வழி மறிக்கும். அந்தப் பாத்திகளுக்கு 3ஆம் படிதான் பெரிய துணை.

கடைசியாகத் தண்ணீர். முதல் நாள் மாலை விட்டு, மறுநாள் காலை விரலை விட்டுப் பாருங்கள். அரையடி ஆழத்துக்கு ஈரம் இருக்க வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால் அது காய்ந்தபடியேதான் இருக்கும். கோடைத் தூறல் சருகை நனைத்துவிட்டு ஆவியாகிப் போகும், மண்ணுக்கு ஒரு சொட்டு இறங்காது. "மூடாக்கு போட்டேன், செடி வாடுது" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, மூடும் முன் தண்ணீர் விட்டீர்களா என்பதுதான்.

கரிசல் மண் என்றால் மறுபக்கமும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சொதசொதவென்று நிற்கும் மண்ணை மூடினால் வேர் மூச்சு முட்டும். மழை ஓய்ந்து, கையில் பிடித்த மண் ஒட்டாமல் உதிரும் பதம் வந்த பிறகு மூடுங்கள்.

6. அட்டை விரிப்பது

அட்டை எல்லாப் பாத்திக்கும் தேவையில்லை. 3ஆம் படியை இரண்டு முறை ஒழுங்காகச் செய்தவர்களுக்குச் சருகு மட்டும் போதும். வருஷக்கணக்கில் களை விதை கொட்டிய இடம், மரத்தடி, நடைபாதை, வேலியோரம் இவற்றுக்கு அட்டை நல்லது.

பளபளப்பு இல்லாத பழுப்பு அட்டையை எடுத்து, ஒட்டிய டேப்பையும் பின்னையும் பிய்த்து எறியுங்கள். சோம்பல்பட்டு விட்டால் அட்டை மக்கிப்போன பிறகு மண்ணெங்கும் டேப் நாடா நெளியும். நான் இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு அட்டை விளிம்பு இன்னொன்றின் மேல் அரையடி ஏற வேண்டும். இரண்டு விரல் இடைவெளி இருந்தால் களை அதைக் கண்டுபிடித்துவிடும், வெளிச்சம் வரும் பக்கம் நோக்கி ஒரு அடி கூடப் பக்கவாட்டில் ஊர்ந்து வரும். செடியைச் சுற்றி ஒரு சாண் வட்டமாக வெட்டி விடுங்கள். விரித்ததும் பூவாளியால் தொப்பலாக நனையுங்கள். நனைந்த அட்டை மண்ணோடு ஒட்டிப் படியும். காய்ந்த அட்டை விறைத்துத் தூக்கி, அடியில் எலிக்கும் கரையானுக்கும் அறை கட்டிக் கொடுக்கும்.

அட்டை இல்லையென்றால் செய்தித்தாள் ஆறு முதல் எட்டுத் தாள் கனத்துக்கு. காற்று இல்லாத காலை நேரத்தில் செய்யுங்கள். ஆடி மாதத்தில் முயற்சி செய்து, தினசரி முழுவதையும் எதிர்வீட்டு வேலியிலிருந்து பொறுக்கி வந்த அனுபவம் உண்டு.

7. மூடாக்கு பரப்புவது

இப்போதுதான் சருகு மூட்டையை அவிழ்க்க வேண்டும்.

கனம் பொருளைப் பொறுத்தது. இலைச் சருகு அமுங்கிய பிறகு நான்கு அங்குலம் நிற்க வேண்டும், ஆகவே போடும்போது எட்டு அங்குலம். வைக்கோலை உதிரியாகப் போட்டால் ஆறு முதல் எட்டு அங்குலம். நிலக்கடலைத் தோல் இரண்டு, மூன்று அங்குலம் போதும். உமி, நார்க்கழிவு, மரத்தூள் போன்ற பொடிப்பொருள் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், காற்றுப் போகாது. வைக்கோலைக் கட்டுக்கட்டாக வைக்காதீர்கள். கட்டுக்கு இடையில் கோடு கோடாகக் களை வரும்.

போதுமா என்று பார்க்க ஒரு சோதனை. மேலிருந்து பார்த்து மண் தெரிகிறதா என்றல்ல. கையால் சருகை விலக்கி மண் வரை போங்கள். மணிக்கட்டு மறைய வேண்டும். விரல் மட்டும் மறைந்தால் இன்னொரு மூட்டை அவிழ்க்க வேண்டும்.

செடித் தண்டைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மரக்கன்று என்றால் அரையடிக்கு மேல். இது அழகுக்காகச் சொல்வதில்லை. ஒரு மழைக்காலத்தில் தக்காளி ஒன்று காய் பிடித்த நேரத்தில் ஒரே நாளில் துவண்டது. தண்டை ஒட்டியிருந்த சருகை விலக்கினேன். தரை மட்டத்தில் பஞ்சு போல வெள்ளைப் பூசணம், அதில் கடுகு கொட்டியது போலப் பழுப்பு உருண்டைகள். தண்டு அந்த இடத்தில் மட்டும் அழுகி நூலாகியிருந்தது. அந்தக் கடுகுகள் மண்ணில் தங்கி அடுத்த பயிருக்கும் வரும். செடியை அந்தச் சருகோடும் ஒரு கை மண்ணோடும் அள்ளி வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஈரமான சருகு தண்டைத் தொட்டுக்கொண்டு கிடந்ததுதான் தொடக்கம். பப்பாளிக்கும் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

அந்த நான்கு விரல் வட்டத்தில் களை முளைக்கத்தான் செய்யும். கையால் கிள்ளிவிடுங்கள், செடி படர்ந்து நிழல் கட்டும் வரைதான் அந்தத் தொல்லை.

மரத்தூள் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அதையோ வைக்கோலையோ மண்ணுக்குள் கொத்திக் கலக்காதீர்கள். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) தாங்கள் எடுத்துக்கொள்ளும், செடி வெளுத்து நின்றுவிடும். மேலே கிடக்கும்வரை பெரிய பாதிப்பு இல்லை.

8. வரப்பையும் ஓரத்தையும் விடாதீர்கள்

பாத்தி சுத்தமாக இருக்கும், ஆறு மாதத்தில் ஓரத்திலிருந்து அருகு உள்ளே நடந்து வந்திருக்கும். மூடாக்கின் அடியில் ஈரமும் பொலபொலவென்ற மண்ணும் இருந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்.

பாத்திக்கு வெளியே ஒரு அடி அகலத்துக்கு அட்டை போட்டு மூடுங்கள். வேலிப் பக்கம் அரையடி ஆழம், அரையடி அகலத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி வெறுமையாக விடுங்கள். குறுக்கே வரும் கொடி அந்த வெட்டில் வெளியே தெரியும். மாதம் ஒரு முறை கையால் உருவிவிடலாம். நடைபாதைக்கு உமியும் யூக்கலிப்டஸ் சருகும் எவ்வளவு வேண்டுமானாலும்.

9. முதல் மூன்று மாதம்

மூடிய பதினைந்தாவது நாள் ஒரு சுற்று வாருங்கள். சருகு மெலிந்த இடம், அட்டை விலகிய இடம், தண்டைச் சுற்றிய வட்டம், இந்த மூன்று இடத்தில்தான் களை தலை நீட்டியிருக்கும். மண் மெத்தென்று இருப்பதால் இரண்டு விரலால் இழுத்தாலே வேரோடு வரும். இந்த நேரத்தில் பத்து நிமிஷம் செலவழிக்காதவர் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவழிப்பார்.

அதன் பிறகு வாரம் ஒரு முறை போதும். ஒரு களைகூடப் பூக்கக்கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. மூடாக்கின் மேல் விழும் விதைக்கு அடியில் மக்கிய சருகே மண். அங்கேயே முளைக்கும்.

நம் வெயிலுக்கும் மழைக்கும் சருகு வேகமாகக் கரையும். நான்கு அங்குலம் வைத்தது ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஒரு அங்குலத் தோலாகிவிடும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மேலே புதுச் சருகு சேர்க்க வேண்டும். பழையதை வாரிவிடவோ கொத்திவிடவோ வேண்டாம். அது மண்ணாகிக்கொண்டிருக்கிறது, கொத்தினால் அடியில் தூங்கும் விதையும் மேலே வரும்.

தண்ணீர் விடும் இடைவெளியையும் மாற்றுங்கள். பழைய வழக்கப்படி தினமும் விட்டால் அடியில் சேறாகும். சருகை விலக்கி விரல் வைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் விடுங்கள்.

10. நெகிழித் தாள் போட நினைத்தால்

காய்கறி விவசாயிகள் பயன்படுத்தும் வெள்ளி–கறுப்புத் தாள் வீட்டுத் தோட்டத்துக்கும் சிலர் வாங்குகிறார்கள். 25 அல்லது 30 மைக்ரான் தாள் ஒரு காய்கறிப் பருவத்துக்குத் தாங்கும். வெள்ளிப் பக்கம் மேலே, கறுப்புப் பக்கம் கீழே. கறுப்பு மேலே இருந்தால் சித்திரை வெயிலில் நாற்றின் கழுத்து வெந்துவிடும். ஒளி ஊடுருவும் தாளைப் போட்டு, களை உள்ளே கண்ணாடி வீட்டில் போலச் செழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

சொட்டுநீர்க் குழாய் கட்டாயம், ஏனென்றால் மழை உள்ளே போகாது. விளிம்பை மண்ணில் புதைத்து இறுக்க வேண்டும். பருவம் முடிந்ததும் கிழியாமல் சுருட்டி எடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள் குறைவு. என் தோட்டத்துக்கு நான் போடுவதில்லை. சருகு மண்ணுக்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போகிறது, தாள் கொடுப்பதில்லை.

11. ஏதாவது தவறினால்

கரையான் வந்தால்: காய்ந்த சருகுக்குத்தான் அது அதிகம் வரும். மூடாக்கை ஈரமாக வையுங்கள், வேப்பம்பிண்ணாக்கைத் தூவிவிட்டு நனையுங்கள், தண்டைச் சுற்றிய வட்டத்தைச் சுத்தமாக வையுங்கள். சருகை மட்டும் தின்றால் பதற வேண்டாம். தண்டில் மண் பூசி ஏறினால்தான் கவலை.

இலை வெளுத்தால்: சருகை விலக்கி மண் பாருங்கள். ஈரம் சரியாக இருந்து பழைய இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் (சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்து நொதிக்கவைத்த கரைசல்) கலந்து மாலையில் தெளியுங்கள். வேர்ப்பகுதிக்கு ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கலந்து ஊறவைத்த கரைசல்) ஊற்றுங்கள்.

நத்தை பெருகினால்: மழைக்காலத்தில் மூடாக்கின் கனத்தைப் பாதியாக்குங்கள். இரவில் ஒரு நனைந்த சாக்கைப் பாத்தியோரம் போட்டு, விடிந்ததும் அதனடியில் ஒதுங்கியதைப் பொறுக்கி எடுங்கள். மரவட்டையைக் கண்டு பயப்படாதீர்கள், அது சருகு தின்கிற கட்சி. நாற்று குருத்தாக இருக்கும்போது மட்டும் கண் வையுங்கள்.

தென்னை இருக்கிற தோட்டத்தில், மட்கிய எருவும் நார்க்கழிவும் ஒரே இடத்தில் குவியலாகக் கிடந்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும். குவியலாக விடாமல் பரப்பிவிடுங்கள். கிளறும்போது ஆங்கில எழுத்து 'சி' போலச் சுருண்ட கொழுத்த வெள்ளைப் புழு அகப்பட்டால் கோழிக்குப் போடலாம்.

சருகு தீப்பிடிக்கும். வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்திலும் பீடி பிடிப்பவர்கள் உட்காரும் இடத்திலும் ஓலை, சருகு வேண்டாம். தீபாவளிக்கு முதல் நாள் வீட்டை ஒட்டிய பாத்திகளை மழை இல்லாவிட்டால் நனைத்து வைப்பேன். எதிர்வீட்டுப் பையனின் ராக்கெட் ஒரு தடவை நேராக வெண்டைப் பாத்தியில் இறங்கியது. ஈரச் சருகில் சுருசுருவென்று புகைந்து அணைந்தது.

பக்கத்து வீட்டு அக்கா அந்த நெல் நாற்றைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டார். வைக்கோலை வாரி உதறி வெயிலில் வைத்தார். பாத்தியின் பாதியில் கோரை கனமாக இருந்ததால் அதைச் சித்திரைக்கு ஒதுக்கிவிட்டு, மீதிப் பாதிக்கு மட்டும் 3ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறார். இன்று ஒன்பதாவது நாள். பாத்தி பச்சைப் பாயாக இருக்கிறது, நாளை மறுநாள் சுரண்ட வேண்டும்.